உடையும் வீடும்: இயற்கை கற்பிக்கும் பாடம்

பறவையைப் பார்த்து மனிதன் விமானம் செய்தான் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அது பாதி உண்மை. பறவையைப் பார்த்துத் தோளில் சிறகு கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து குதித்தவர்கள் எலும்பு முறிந்து வீழ்ந்தார்கள். சிறகடிப்பதை மறந்துவிட்டு, சிறகின் வளைவு காற்றில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டவர்களின் வழியிலேதான் விமானம் பிறந்தது.

இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள். முன்னவர் இயற்கையின் தோற்றத்தைப் பார்த்தனர். பின்னவர் இயற்கையின் தொழிலைப் பார்த்தனர். “புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம்” என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. சூடு போட்டால் வரி வரும்; வலிமை வருமா?

விளையாட்டு வீரர் அணியும் உடையிலும், மக்கள் குடியிருக்கும் கட்டடத்திலும் இயற்கையைப் பின்பற்றும் முயற்சி இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. 1997-ஆம் ஆண்டில் ஜேனின் பெனியஸ் என்ற அமெரிக்க அம்மையார் ‘பயோமிமிக்ரி’ என்னும் பெயரால் ஒரு நூல் எழுதினார். அதன் பின் இது தனிக் கல்வியாகவே வளர்ந்துவிட்டது. பொறியியலும், நெசவுத் தொழில்நுட்பமும், கட்டடக் கலையும் பயிலும் நம் மாணவர் பலர் நாளை இத்துறையில் இறங்கக்கூடும். ஆகவே இது எங்கே வென்றது, எங்கே பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாயிற்று என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் ஆராய்வோம். முதலில் உடை; பின்பு வீடு.

ஒட்டிக்கொண்ட காய்

நம் ஊர்ப் புறத்தில் வேலியோரம் நடந்தால் நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொள்ளும். திட்டிக்கொண்டே பிய்த்து எறிவோம். 1941-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற பொறியியலாளர் நாயுடன் உலாவப் போனபோது, அந்நாட்டில் விளையும் ஒட்டும் காய் ஒன்று அவர் உடையிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொண்டது. அவர் எறியவில்லை, நுண்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். காயின் முட்கள் ஒவ்வொன்றும் நுனியில் கொக்கிபோல் வளைந்திருந்தன. துணியின் நூல் வளையங்களில் அந்தக் கொக்கிகள் மாட்டிக்கொண்டிருந்தன. ஒரு பட்டையில் கொக்கி, மறு பட்டையில் வளையம் என்று செய்தால் பொத்தானும் கயிறும் இன்றிப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1950-களில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ‘வெல்க்ரோ’ என்பது அதுதான். சிவாஜி பார்க்கில் மட்டை பிடிக்கப் போகும் சிறுவன் காலில் கட்டும் கவசத்தைச் ‘சர்’ரென்று பிரித்து ஒட்டுகிறானே, அந்தப் பட்டை ஒரு காட்டுக் காயின் மாணாக்கன்.

இங்கே வெற்றிக்குக் காரணம் என்ன? மெஸ்ட்ரால் காயின் நிறத்தையோ உருண்டை வடிவையோ எடுத்துக்கொள்ளவில்லை. அதன் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்குப் போவோம்.

சுறாத்தோல் உடை

சுறா மீனின் தோலை வாலிலிருந்து தலை நோக்கித் தடவினால் உப்புத்தாள் போல உறுத்தும். அதன் தோல் முழுவதும் பல் போன்ற மிக நுண்ணிய செதில்கள். ஒவ்வொரு செதிலிலும் வரப்பு போன்ற கோடுகள். இவை நீரின் உராய்வைக் குறைக்கின்றன என்று அறிஞர் கருதினர். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, ஸ்பீடோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டியை ஒட்டி ‘ஃபாஸ்ட்ஸ்கின்’ என்ற நீச்சலுடையை வெளியிட்டது. உடல் முழுவதையும் மூடிய அந்த உடையில் சுறாத்தோலைப் போன்ற வரப்புகள் அமைக்கப்பட்டிருந்தன. செய்தித்தாள்கள் அதைச் சுறாத்தோல் உடை என்றே அழைத்தன.

2008-ல் அதே நிறுவனம் ‘எல்.இஸட்.ஆர். ரேசர்’ என்ற உடையைக் கொண்டுவந்தது. அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் அதற்கான துணிகள் சோதிக்கப்பட்டன. பாலியூரிதேன் தகடுகள் ஒட்டப்பட்டு, தையலுக்குப் பதிலாக ஒலி அதிர்வால் இணைக்கப்பட்ட உடை அது. அவ்வாண்டு பெய்ஜிங்கில் வென்றவர்களில் பெரும்பான்மையோர் அதையே அணிந்திருந்தனர். மறு ஆண்டு, 2009-ல், ரோம் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டியில் இவ்வகை உடைகளை அணிந்தவர்கள் 43 உலக சாதனைகளைப் படைத்தனர். நீந்துவது மனிதனா, உடையா என்ற கேள்வி எழுந்தது. 2010 ஜனவரி 1 முதல் உலக நீச்சல் சங்கம் இவ்வுடைகளைத் தடை செய்தது. ஆடவர் இடுப்பிலிருந்து முழங்கால் வரையிலும், மகளிர் தோளிலிருந்து முழங்கால் வரையிலும் துணியால் ஆன உடையே அணிய வேண்டும் என்று விதி வந்தது.

சரி, சுறாத்தோல் பாடம் உண்மையில் பயன்பட்டதா? 2012-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லாடரும் யோஹானஸ் ஓஃப்னரும் இதைச் சோதித்தனர். மெய்யான சுறாத்தோலை மீன் வாலைப் போல அசையும் இயந்திரத்தில் பூட்டி நீரில் விட்டனர். பின் அத்தோலின் செதில்களைத் தேய்த்து வழவழப்பாக்கி மறுபடியும் விட்டனர். செதிலோடு கூடிய தோல் சராசரியாக 12 விழுக்காடு விரைவாக நீந்தியது. ஆனால் அசையாத விறைத்த தகட்டில் ஒட்டியபோது அந்த நன்மை கிட்டவில்லை. நீச்சலுடைத் துணியைச் சோதித்தபோதோ, அதன் மேற்பரப்பு அமைப்பினால் நிலையான பயன் எதுவும் தோன்றவில்லை.

இதன் பொருள் என்ன? சுறாவின் செதில், வளைந்து நெளியும் உடலோடு சேர்ந்து வேலை செய்கிறது. மனிதன் சுறாவைப் போல நெளிந்து நீந்துவதில்லை. செதிலைப் போன்ற கோடு மட்டும் துணியில் இருந்தால் போதாது. உடை தந்த விரைவுக்கு வேறு காரணங்கள் உண்டு: அது உடலை இறுக்கிப் பிடித்து வழவழப்பாக்கிற்று, பாலியூரிதேன் உடலை நீரில் சற்று உயர்த்தி மிதக்கவிட்டது. வென்றது இறுக்கமும் மிதப்பும். பெயர் வாங்கியது சுறா.

தாமரை இலைத் தண்ணீர்

ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்பவனைத் ‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்கிறோம். இந்த உவமையின் விஞ்ஞானத்தை விளக்கியவர் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட். தாமரை இலை பார்வைக்கு வழவழப்பானது. நுண்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அதன் மேல் எண்ணிறந்த நுண் மேடுகள். ஒவ்வொரு மேட்டின் மேலும் மெழுகுத் துகள்கள். நீர்த்துளி அந்த மேடுகளின் உச்சியை மட்டுமே தொட்டு நிற்கிறது. அடியில் காற்று இருக்கிறது. ஆகவே துளி பரவாமல் முத்தாகி உருள்கிறது. உருளும்போது தூசியையும் எடுத்துக்கொண்டு போகிறது. 1997-ல் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுய்ஸும் இதை விரிவாக எழுதினர். தூய்மைக்கு வழவழப்புத்தான் வேண்டும் என்று எண்ணியிருந்த உலகம், நுண்ணிய சொரசொரப்பே தூய்மை தரும் என்று அறிந்தது. 1999-ல் இதைப் பின்பற்றிய சுவர்ப் பூச்சு ஒன்று ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது.

மழையில் ஓடுவோரும் மலை ஏறுவோரும் அணியும் உடைகளிலும் நீர் முத்து முத்தாக உருள்வதைக் காண்கிறோம். ஆனால் நீண்ட காலமாக அவ்வுடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அத்தன்மையைத் தந்தவை ஃப்ளூரின் கலந்த இரசாயனப் பூச்சுகள். அவை மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. பல ஆண்டுகள் தங்கித் தீங்கு விளைக்கின்றன. தாமரையோ அதே வேலையைச் சிறிது மெழுகையும் மேடு பள்ளத்தையும் கொண்டு செய்கிறது. உதிர்ந்த இலை குளத்துச் சேற்றிலேயே மக்கிப் போகிறது. என்ன செய்கிறது என்பதோடு, எதைக் கொண்டு செய்கிறது, பின் என்ன ஆகிறது என்பதும் பாடத்தில் சேர்ந்ததே.

வியர்வையின் கணக்கு

மும்பையில் ஓடுபவனுக்கு மழையைவிடப் பெரிய பகை புழுக்கம். மே மாதத்து மாலையில் மாதுங்காவிலோ செம்பூரிலோ அரை மணி நேரம் பந்தாடியவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து கவர்ந்து செல்கிறது. ஆவியாகாமல் சொட்டினால் அந்தக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. உப்பும் நீரும் போனதுதான் மிச்சம்.

பருத்திப் பனியன் வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொண்டு கனக்கிறது. மரம் அப்படிச் செய்வதில்லை. வேரில் கொண்ட நீரை மயிரிழை போன்ற குழாய்களின் வழியே மேலேற்றி, கிளைக்குக் கிளை பிரித்து, இலைகளின் பரப்பில் ஆவியாக விடுகிறது. இழையின் புறத்தே நுண் வாய்க்கால்கள் கொண்ட பாலியெஸ்டர் துணிகள், அத்தகைய நுண்குழாய்க் கவர்ச்சியால் வியர்வையைத் தோலிலிருந்து வெளிப்புறத்துக்கு இழுக்கின்றன. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் ஜின்டு ஃபான் முதலியோர், தோல் பக்கத்தில் நூல்கள் ஒன்றாகவும் வெளிப்பக்கத்தில் கிளைகளாகவும் பிரியும்படி மரத்தைப் பார்த்தே துணி நெய்து ஆராய்ந்துள்ளனர்.

பைன் மரக் காயிலிருந்தும் ஒரு பாடம் வந்தது. அதன் செதில்கள் காய்ந்தால் விரியும். ஈரம் பட்டால் மூடிக்கொள்ளும். காரணம், ஒவ்வொரு செதிலிலும் இரண்டு அடுக்குகள். ஈரத்தில் ஒன்று மிகுதியாக நீளும், மற்றொன்று குறைவாக நீளும். அதனால் செதில் வளைகிறது. உயிர் அற்ற காயும், மோட்டார் இன்றி, மின்சாரம் இன்றி அசைகிறது! இதே தத்துவத்தில், 2015-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், ஈரத்தால் பருக்கும் ஒருவகை நுண்ணுயிரைத் துணியில் பூசி, வியர்த்தவுடன் முதுகில் சிறு மடல்கள் திறந்துகொள்ளும் சட்டை ஒன்றைச் செய்து காட்டினர். ஜப்பானியர் சோயாவைப் புளிக்கவைக்கப் பயன்படுத்தும் நுண்ணுயிர்தான் அது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றே ஈரத்தால் நிறைந்திருந்தால் எந்தத் துணியாலும் வியர்வையை முழுதும் ஆவியாக்க முடியாது. அப்போது செய்யக்கூடியது, தோலை ஒட்டித் தேங்கிய ஈரக் காற்றை விலக்கிப் புதுக் காற்றைப் புகவிடுவதே. வறண்ட குளிர்நாட்டுக்கென்று இறுக்கமாகச் செய்த உடையை விலை கொடுத்து வாங்கி அணிந்துகொண்டு நம் கடற்கரையில் ஓடுவது அறிவுடைமை ஆகுமா? நம் உடைக்கு முதல் தேவை மூச்சு. இந்த ‘மூச்சு’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தில் மீண்டும் வரும்.

நுரை மாளிகையும் தாமரைக் கோயிலும்

இனி வீட்டுக்கு வருவோம். பெய்ஜிங்கில் 2008-ஆம் ஆண்டு நீச்சல் போட்டிகள் நடந்த அரங்கமே இயற்கையைப் பார்த்துச் செய்ததுதான். அதற்கு ‘நீர்க் கனசதுரம்’ என்று பெயர். அதன் சுவரும் கூரையும் சோப்பு நுரையைப் போலத் தோன்றும். ஆனால் அது வெறும் அழகு வேலை அன்று. ஓர் இடத்தைச் சம அளவுள்ள அறைகளாகப் பிரிக்க வேண்டும், தடுப்புப் பரப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும், எப்படிப் பிரிப்பது? 1887-ல் கெல்வின் பிரபு எழுப்பிய கேள்வி இது. 1993-ல் டப்ளின் நகரத்து வீயரும் ஃபெலனும் நுரையை ஆராய்ந்து கெல்வின் சொன்ன விடையினும் சிறந்த விடை ஒன்றைக் கண்டனர். அந்த விடையே அரங்கின் எஃகுச் சட்டம் ஆயிற்று. சட்டங்களுக்கு இடையில் காற்றடைத்த மெல்லிய தலையணைகள். அவை ஒளியை உள்ளே விடுகின்றன.

நம் நாட்டில் புதுடில்லியில் 1986-ல் கட்டி முடிக்கப்பட்ட பஹாய் ஆலயத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஃபரிபோர்ஸ் சாபா என்ற ஈரானியக் கட்டடக் கலைஞர் அமைத்தது. 27 வெண்சலவைக்கல் இதழ்கள் விரிந்த தாமரை அது. இங்கே எடுத்துக்கொண்டது பூவின் தோற்றத்தை. அது தவறு ஆகுமா? ஆகாது. வழிபடும் இடத்துக்குத் தோற்றமும் ஒரு தொழில்தான். தூய்மையை நினைப்பூட்டுவது அதன் பணி. சுற்றிலும் உள்ள ஒன்பது குளங்களின் மேல் தவழ்ந்து வரும் காற்று உள்ளே புகுந்து வெப்பத்தைத் தணிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். தோற்றத்தைப் பார்த்துச் செய்தோம் என்று வெளிப்படையாகச் சொல்பவரிடம் குறையில்லை. தோற்றத்தை எடுத்துக்கொண்டு தொழிலை எடுத்துக்கொண்டதாகச் சொல்லும்போதுதான் பிழை நேர்கிறது.

இலையைக் கற்றவர் மலையைக் கற்றனரா?

நமக்கு அண்மையில், புனேக்கு மேற்கே சஹ்யாத்திரி மலையில், மோசே ஆற்றுப் பள்ளத்தாக்கில் லவாசா என்ற புது நகரம் திட்டமிடப்பட்டது. அமெரிக்கக் கட்டடக் கலை நிறுவனமாகிய எச்.ஓ.கே. அதற்கு வரைபடம் தீட்டியது. உயிரியல் அறிஞர்களை உடன் வைத்துக்கொண்டு, அந்த மலைக் காடு மழையை எப்படி ஏற்கிறது என்று அவர்கள் ஆராய்ந்தனர். அத்தி இனத்து மரங்களின் இலை நுனி நீண்டு கூர்ந்திருப்பதையும், அதன் வழியே மழைநீர் விரைந்து வடிவதையும் கண்டு, கூரை ஓடுகளை அவ்வாறு அமைக்க எண்ணினர். நம் அரச மரத்தின் இலையைப் பாருங்கள்; வால் போன்ற அந்த நுனி எதற்கென்று இப்போது விளங்கும். எறும்புகள் தம் வளையை மழை வெள்ளத்திலிருந்து காக்கும் முறையைப் பார்த்து வடிகாலையும், மரம் வேரடியில் நீரைத் தேக்குவதைப் பார்த்து அடித்தளத்தையும் அமைக்கக் கருதினர். நல்ல பாடங்களே இவை.

ஆனால் நடந்தது என்ன? மலைச் சரிவுகளை வெட்டிக் கட்டியது பற்றிப் புகார் எழுந்தது. சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் கட்டுமானம் நடந்ததாகக் கூறி 2010 நவம்பரில் மத்திய அமைச்சகம் வேலையை நிறுத்தியது. 2011-ல் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. எனினும் கடன் சுமை பெருகி, 2018-ல் அந்நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. நினைத்த நகரம் நினைத்தபடி எழவில்லை.

இலை நுனி வடிக்கும் நீர் எங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். கீழே சருகு இருக்கிறது. சருகின் கீழே மண். மண்ணின் கீழே வேர். இலை விரைந்து வடிக்கிறது. மண் மெல்லக் குடிக்கிறது. இரண்டும் சேர்ந்ததே காடு. 2005 ஜூலை 26-ஆம் நாளை மும்பை மறக்காது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நகரத்துக் கூரைகளும் சாலைகளும் நீரை விரைந்து வடித்தன. குடிக்க மண் இல்லை. மித்தி ஆறு நெரிந்து கிடந்தது. இலையை மட்டும் கற்றுக்கொண்டு மண்ணை மறந்தால் வெள்ளமே மிஞ்சும்.

கறையான் புற்றின் இரகசியம்

இயற்கையைப் பின்பற்றிய கட்டடம் என்றவுடன் உலகப் புத்தகங்கள் யாவும் காட்டுவது ஜிம்பாப்வே நாட்டின் தலைநகரான ஹராரேயில் உள்ள ஈஸ்ட்கேட் மாளிகை. மிக் பியர்ஸ் என்பவர் வடிவமைத்து 1996-ல் திறக்கப்பட்டது. வழக்கமான குளிர்சாதனம் இல்லாமலே அக்கட்டடம் குளிர்ச்சியாக இருக்கிறது. இரவின் குளிர்ந்த காற்றை விசிறிகள் இழுத்துத் தளங்களின் அடியிலுள்ள பொந்துகளின் வழியே செலுத்துகின்றன. காங்கிரீட் அந்தக் குளிர்ச்சியைத் தேக்கிவைத்துப் பகலில் தருகிறது. சூடான காற்று புகைபோக்கிகளின் வழியே மேலேறி வெளியேறுகிறது. கறையான் புற்றிலும் இப்படித்தான் நடக்கிறது என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. 1961-ல் சுவிஸ் அறிஞர் மார்ட்டின் லூஷர் எழுதிய கருத்து அது.

பின்னர் புற்றையே அளந்து பார்த்தனர். ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் 2008-ல் எழுதிய கட்டுரையில், புற்று அப்படிக் குளிர்சாதனமாக வேலை செய்வதில்லை என்று காட்டினர். கூட்டின் வெப்பநிலை சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலையை ஒட்டியே ஏறி இறங்குகிறது. அப்படியானால் அத்தனை பெரிய புற்று எதற்கு? மூச்சு விடுவதற்கு! இலட்சக்கணக்கான உயிர்கள் மண்ணுக்குள் வாழ்கின்றன. கரியமில வாயு வெளியேற வேண்டும், பிராணவாயு உள்ளே வர வேண்டும். அந்தப் புற்று ஒரு நுரையீரல்.

இதற்கு அழகான சான்று நம் தென்னாட்டிலிருந்தே வந்தது. ஹன்டர் கிங், சாமுவேல் ஆக்கோ, எல். மகாதேவன் ஆகிய மூவர் பெங்களூரில் உள்ள கறையான் புற்றுகளுக்குள் காற்றின் ஓட்டத்தை அளந்து 2015-ல் வெளியிட்டனர். மகாதேவன் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஹார்வர்டில் பேராசிரியரானவர். பகலில் புற்றின் மெல்லிய வெளிப்புறம் விரைவில் சூடாகிறது; அங்கே காற்று மேலேறி நடுவில் கீழிறங்குகிறது. இரவில் வெளிப்புறம் விரைவில் குளிர்கிறது. ஓட்டம் திசை மாறுகிறது. பகலும் இரவும் மாறி மாறி வருவதையே விசையாகக் கொண்டு புற்று மூச்சு விடுகிறது!

ஹராரே மாளிகை நன்றாகவே இயங்குகிறது. ஆனால் அது கற்றுக்கொண்டதாகச் சொன்ன பாடம் வேறு. புற்று நடத்திய பாடம் வேறு. இன்னொன்றும் உண்டு. ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவு நன்றாகக் குளிரும். மும்பை கடலோரம், மழைக்காலத்து இரவு பகலைவிட அதிகம் குளிர்வதில்லை. அந்த மாளிகையை அப்படியே பெயர்த்து இங்கே வைத்தால் இரவில் தேக்கிவைக்கக் குளிர்ச்சி ஏது?

நம் ஊருக்கு எது பாடம்?

குளிர்சாதனம் என்று எண்ணிய புற்று நமக்குப் பயன்படாது. நுரையீரல் என்று அறிந்த புற்றோ மும்பைக்கு மிகவும் வேண்டிய பாடம். செம்பூருக்கு அடுத்த கோவண்டி, மான்கூர்டு பகுதிகளில், குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களுக்காக அடுக்கு வீடுகள் நெருக்கி நெருக்கிக் கட்டப்பட்டன. ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ என்ற தொண்டு நிறுவனமும் மும்பை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளரும் அவற்றை ஆராய்ந்து 2018-ல் அறிக்கை வெளியிட்டனர். வெயிலும் காற்றும் புகாத கீழ்த்தள வீடுகளில் காசநோய் மிகுதியாக இருப்பதை அது எடுத்துக்காட்டிற்று. சுவர் உறுதியாக இருந்தது; கூரை ஒழுகவில்லை; மூச்சு மட்டும் இல்லை. கறையான் தன் கூட்டத்துக்குச் செய்துகொடுத்ததை மனிதன் மனிதனுக்குச் செய்துகொடுக்கவில்லை.

நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவியும் மாறப்போகிறது. 2004-லிருந்து பேசப்பட்டுவரும் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு 2022-ல் ஒப்பந்தப்புள்ளி முடிவாயிற்று. தகரக் கூரையின் கீழ் வெந்தவர்கள் மாடி வீட்டுக்குப் போவது நல்லதே. ஆனால் அந்த வீட்டின் சன்னல் எதைப் பார்க்கும்? அடுத்த கட்டடத்தின் சுவரையா, காற்றையா? தோல் பதனிடவும் பலகாரம் செய்யவும் வந்து இந்தச் சதுப்பு நிலத்தில் மண் கொட்டி வாழ்வைக் கட்டிய தமிழரின் பேரப்பிள்ளைகள் இக்கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

கற்றுக்கொள்ள இங்கேயே ஆசிரியர் உண்டு. தாராவிக்கு எதிரே 37 ஏக்கர் பரப்பில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. நகரத்துக் குப்பை கொட்டிய இடம் அது. மரம் நட்டு வளர்த்து 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். வெளியே தார்ச் சாலை கொதிக்கும் வேளையில் உள்ளே போய்ப் பாருங்கள். மரம் ஒரே கூரையாக வெயிலைத் தடுப்பதில்லை. இலை மேல் இலையாகப் பல அடுக்குகள். நடுவே காற்று ஓடுகிறது. தகரக் கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டாவது நிழற்கூரை போட்டால் முதற்கூரை அவ்வளவு காய்வதில்லை என்பது இதிலிருந்து தானே பெறப்படும்.

சகாராப் பாலைவனத்து வெள்ளி எறும்பு, மூன்று பட்டையாக அமைந்த தன் உடல் மயிரால் வெயிலைத் திருப்பி அனுப்பி, உடல் வெப்பத்தையும் வெளியேற்றுகிறது என்று 2015-ல் கண்டறிந்தனர். வெயிலில் ஆடும் வீரனின் துணிக்கும் மொட்டை மாடிக்கும் இது ஒருசேரப் பாடம். ஈரக் காற்றில் வெப்பம் வானுக்கு எளிதில் செல்லாது; ஆதலால் இரண்டாம் பாதி நமக்கு முழுமையாகப் பலிக்காது. முதற்பாதி பலிக்கும். மாடிக்குச் சுண்ணாம்பு அடித்த நம் முன்னோர் அதை அறிந்தே செய்தனர்.

மும்பையிலேயே கட்டி முடித்த சான்றும் உண்டு. கம்பாலா குன்றில் 1983-ல் சார்லஸ் கொரியா அமைத்த காஞ்சன்ஜங்கா அடுக்குமாடிக் கட்டடம் அது. மேற்கே கடற்காற்று வரும். அதே மேற்கிலிருந்து மாலை வெயிலும் மழைச் சாரலும் வரும். காற்றை விட்டு மற்ற இரண்டையும் தடுப்பது எப்படி? பழைய பங்களாக்களின் தாழ்வாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு வீட்டின் மூலையிலும் இரண்டு மாடி உயரத்துக்கு ஆழமான திறந்த மாடம் அமைத்தார். வீடு உள்ளே ஒதுங்கிக்கொண்டது; காற்று ஊடே ஓடியது. அது செல்வர் வாழும் வீடு என்பது உண்மை. காற்றும் நிழலும் செல்வர்க்கு மட்டுமே உரியவை என்று எந்த மரமும் சொல்லவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து நான்கு கேள்விகளைத் தொகுத்துக்கொள்ளலாம். இயற்கையைப் பார்த்துச் செய்ததாக ஒரு பொருளையோ கட்டடத்தையோ யாரேனும் காட்டினால் இவற்றைக் கேட்க வேண்டும்.

1. எடுத்துக்கொண்டது தோற்றமா, தொழிலா? சுறாத்தோல் உடை இக்கேள்வியில் தடுமாறிற்று.

2. அந்தத் தொழில் எந்த இடத்தில், எந்தக் காற்றில் நடக்கிறது? ஹராரேயின் இரவு மும்பைக்கு இல்லை.

3. அதனோடு சேர்ந்து வேலை செய்பவை எவை? இலைக்குப் பின்னால் மண் இருக்கிறது.

4. அளந்து பார்த்தார்களா? புற்றை அளந்த பிறகே அது நுரையீரல் என்று தெரிந்தது.

நான்காவது கேள்வி மாணவர்களாகிய நமக்கே உரியது. மாதுங்காவில் மட்டும் இரண்டு பெரிய கல்விக் கூடங்கள் இருக்கின்றன. 1887-ல் தோன்றிய வி.ஜே.டி.ஐ. ஒன்று, 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கிய இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் மற்றொன்று. இரண்டிலும் துணியைப் பற்றிய கல்வி உண்டு. பனியன் நகரமாகிய திருப்பூரோ நம் மொழி பேசும் ஊர். மும்பையின் புழுக்கத்துக்கென்று ஓர் ஓட்டக்காரன் சட்டையை ஆராய்ந்து செய்ய இதைவிட என்ன வசதி வேண்டும்? கட்டடக்கலை பயில்பவர் ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு, தாராவியில் ஒரு தகரக் கூரையின் கீழும், சுண்ணாம்பு அடித்த கூரையின் கீழும், பூங்காவின் மர நிழலிலும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் அளந்து குறிக்கலாம். செலவு சில நூறு ரூபாய்தான். அந்தக் குறிப்பு நம் சங்க இதழின் அடுத்த மலரில் வருமானால், வீடு கட்ட வருவோரிடம் எதிர்காலக் குடியிருப்போர் காட்டுவதற்கு ஒரு சான்றாகும்.

அரசங்கன்று ஒன்று மாடிச் சுவரின் வெடிப்பில் முளைத்திருப்பதை இந்நகரில் எங்கும் காண்கிறோம். மண் இல்லாத இடத்தில், உப்புக் காற்றில், நான்கு மாத மழையிலும் எட்டு மாத வறட்சியிலும் அது பிழைத்துக்கொள்கிறது. மும்பையில் வாழ்வது எப்படி என்ற தேர்வில் அது தேறிவிட்டது. அதனிடம் பாடம் கேட்போம், அளந்து கேட்போம், நம்மவர் வாழப்போகும் வீட்டுக்காகக் கேட்போம்.